இரண்டு ஆண்டெனாவை ஒரே கேபிளில் கோப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றில் வரும் தொலைக்காட்சி ஒளிபரப்பை மாடியில் ஆண்டெனா வைத்துப் பார்ப்பவர்களுக்குப் பரவலாக ஒரு யோசனை சொல்லப்படுகிறது. “ஒரு ஆண்டெனாவில் எல்லாச் சேனலும் வரவில்லையா? இன்னொன்றை வாங்கி வேறு பக்கம் திருப்பி வையுங்கள். இரண்டையும் ஸ்பிளிட்டரில் தலைகீழாக மாட்டி ஒரே கேபிளாகக் கீழே இறக்குங்கள்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் பெரும்பாலும் அதுவரை வந்துகொண்டிருந்த சேனலும் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பிக்கும். காரணம் தெரியாததால் அடுத்து சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்குவார்கள், பிறகு அதைவிடப் பெரிய பூஸ்டர் வாங்குவார்கள். ஆண்டெனா வேலையே தொழிலாக உள்ள நாங்கள் இதைப் பற்றி விவரமாக எழுதுகிறோம். பிரசுரித்தால் பலருக்கும் வீண்செலவு தவிரும்.

ஸ்பிளிட்டர் என்பது வரும் சிக்னலை இரண்டு சமபாகமாகப் பிரிக்கும் கருவி. சிக்னலின் ஏற்ற இறக்கத்தை டெசிபல் என்ற அலகில் சொல்வோம்; பாதி என்றால் 3 டெசிபல் குறைவு. உள்ளே உள்ள சுருள்களின் இழப்பு ஒரு அரை டெசிபல். ஆக மொத்தம் ஒவ்வொரு வாயிலிலும் சுமார் 3.5 டெசிபல் போகிறது. அதையே திருப்பிப் போட்டு இரண்டு ஆண்டெனாவைச் சேர்த்தால் இழப்பு இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கும். வடக்கே பார்க்கும் ஆண்டெனாவில் மட்டும் வரும் ஒரு சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சக்தியில் பாதிதான் டி.வி.க்குப் போகும், மீதிப் பாதி ஸ்பிளிட்டருக்குள்ளேயே வெப்பமாகக் கரையும். தெற்கே பார்க்கும் ஆண்டெனா அந்தச் சேனலுக்கு எதையும் கொண்டுவரவில்லை, ஆனால் தன் பங்கு இரைச்சலை (சிக்னலோடு கலக்கும் வேண்டாத மின்னலைகளை) கொண்டுவந்து கொட்டுகிறது. சிக்னல் பாதியாகிறது, இரைச்சல் அப்படியே இருக்கிறது.

இதைப் பூஸ்டர் போட்டுச் சரிக்கட்ட முடியாது. சேர்த்த பிறகு பெருக்கினால் குறைந்துபோன சிக்னலும் குறையாத இரைச்சலும் ஒரே மடங்கில் பெருகும். சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் தனித்தனி பூஸ்டர் போட்டாலும் கணக்கு மாறுவதில்லை: முதல் பூஸ்டரின் இரைச்சலில் பாதி, இரண்டாவதின் இரைச்சலில் பாதி, இரண்டும் சேர்ந்து முழு இரைச்சல், சிக்னல் மட்டும் பாதி. அந்த 3 டெசிபல் போனது போனதுதான்.

பழைய அனலாக் ஒளிபரப்பில் 3 டெசிபல் குறைந்தால் படத்தில் புள்ளிகள் கொஞ்சம் கூடும், அவ்வளவே, பார்த்துச் சமாளிக்கலாம். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. ஏ.டி.எஸ்.சி. என்ற டிஜிட்டல் முறை ஒளிபரப்பில் சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபல் மேலே இருந்தால் படம் கண்ணாடி மாதிரி வரும். ஓரிரு டெசிபல் கீழே இறங்கினால் திரையே கறுத்துவிடும். டி.வி.பி.-டி2 போன்ற பிற டிஜிட்டல் முறைகளில் எல்லை வேறு இடத்தில் இருந்தாலும் விளிம்பு இதேபோல் செங்குத்தானது. 17 டெசிபலில் ஓடிக்கொண்டிருந்த சேனல், ஸ்பிளிட்டர் மாட்டியதும் காணாமல் போவது இதனால்தான்.

டி.வி.யின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பார்க்க வேண்டியது தரம். பூஸ்டர் போட்டால் வலிமைக் கோடு எப்படியும் ஏறும், தரம் ஏறாமல் இருக்கலாம், சில சமயம் இறங்கவும் செய்யும். இனி இந்தக் கடிதத்தில் ‘அளந்து பாருங்கள்’ என்று வரும் இடமெல்லாம் தரத்தையே குறிக்கும்.

அப்படியானால் இரண்டாவது ஆண்டெனா வீணா? இல்லை. மூன்று நிலைமைகளில் அது கைகொடுக்கும், மூன்றுக்கும் இணைக்கும் முறை வேறுவேறு.

எளிதானது முதலில். ஒரு ஆண்டெனா தாழ்ந்த அலைவரிசையான வி.எச்.எஃப். சேனல்களுக்கும் மற்றொன்று உயர்ந்த அலைவரிசையான யு.எச்.எஃப். சேனல்களுக்கும் என்றால் ஸ்பிளிட்டர் வேண்டாம், டிப்ளெக்ஸர் வாங்குங்கள். ‘வி.எச்.எஃப்./யு.எச்.எஃப். கம்பைனர்’ என்றும் விற்பார்கள். அதில் ஒரு வாயில் தாழ்ந்த அலைவரிசையை மட்டும் உள்ளே விடும், மற்றொன்று உயர்ந்ததை மட்டும். ஒன்றின் இரைச்சல் மற்றதன் பாதைக்குள் வராது. இழப்பு பொதுவாக 1 டெசிபலுக்குள் அடங்கும். இரண்டு ஆண்டெனாக்களும் வெவ்வேறு திசையைப் பார்த்தாலும் கவலையில்லை, கேபிள் நீளமும் எப்படியும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே கம்பத்தில் கட்டினால் இரண்டுக்கும் இடையே சுமார் 1 மீட்டர் இடைவெளி விடுங்கள். 174 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.72 மீட்டர், அதில் பாதியாவது தள்ளி இல்லையென்றால் ஒன்றின் உலோகக் கம்பிகள் மற்றதன் திசைப் பிடிப்பைக் கெடுக்கும்.

இரண்டாவது நிலைமை: ஒளிபரப்புக் கோபுரம் ஒன்றே, திசையும் ஒன்றே, சிக்னல்தான் மிக நலிவு. இங்கே ஒரே மாதிரியான இரண்டு ஆண்டெனாக்களை ஒரே திசையில் நிறுத்தி ஸ்பிளிட்டரால் சேர்க்கலாம். முன்பு குறை சொன்ன அதே ஸ்பிளிட்டர் இங்கே லாபம் தரும். இரண்டு ஆண்டெனாவிலும் அலையின் முகடு ஒரே நேரத்தில் வந்து சேரும்போது மின்னழுத்தங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன. இரண்டின் இரைச்சலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததால் அப்படிக் கூடுவதில்லை. கணக்குப்படி லாபம் 3 டெசிபல், இழப்புகள் போகக் கையில் மிஞ்சுவது 2 முதல் 2.5. குறைவாகத் தோன்றலாம். விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சேனலுக்கு அதுவே போதும்.

ஆனால் இந்த 2.5 டெசிபல் ஒழுங்காகச் செய்தால்தான் கிடைக்கும். ஆண்டெனாவிலிருந்து ஸ்பிளிட்டர் வரையுள்ள இரண்டு கேபிள்களும் ஒரே சுருளிலிருந்து, ஒரே நீளத்துக்கு வெட்டப்பட வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் காற்றில் 50 செ.மீ.; ஆண்டெனாவுக்குப் பயன்படும் ஆர்.ஜி.-6 வகைக் கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேலான வேகத்தில்தான் ஓடும், ஆகவே உள்ளே அலைநீளம் சுமார் 42 செ.மீ. அதில் பாதி 21 செ.மீ. ஒரு கேபிள் மற்றதைவிட ஒரு சாண் நீளமாக இருந்தால், ஒன்றின் முகடு வரும் நேரத்தில் மற்றதன் அகடு வந்து நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். இருக்கிற துண்டுகளை வைத்து ஒப்பேற்றுபவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

நீள வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் இன்னும் குழப்பமான விளைவு வரும். 500 மெகாஹெர்ட்ஸ் அருகே உள்ள சேனல் நன்றாகக் கூடும், 625 அருகே உள்ளது அடியோடு போகும். வித்தியாசம் 5 மீட்டர் என்றால் 475, 525, 575, 625 என்று ஏறக்குறைய 50 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். “சில சேனல் மட்டும் வரமாட்டேன் என்கிறது, பக்கத்துச் சேனல் பளிச்சென்று இருக்கிறது” என்று யாராவது சொன்னால் கோபுரத்தைக் குறை சொல்லாமல் முதலில் கேபிள்களின் நீளத்தைச் சரிபாருங்கள்.

அடுத்தது ஆண்டெனாக்களின் நிற்கும் இடம். பக்கவாட்டில் வைத்தால் இரண்டின் முகமும் கோபுரத்துக்குச் சரிசமமாக, ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று 10 செ.மீ. பின்தங்கினால் 600 மெகாஹெர்ட்ஸில் அது அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வர வேண்டிய 3 டெசிபலில் 1.8 அங்கேயே போய்விடும். கம்பத்தில் மேலும் கீழுமாகக் கட்டினால் இந்தத் தொல்லை குறைவு, ஒரே கம்பம் இரண்டையும் நேராக வைத்திருக்கும். சிறிய ஆண்டெனாக்களுக்கு நடுவிலிருந்து நடு வரை ஓர் அலைநீள இடைவெளியில் ஆரம்பிக்கலாம், அதாவது 500 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு 60 செ.மீ.; நீளமான யாகி (ஒரே தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள ஆண்டெனா) என்றால் இன்னும் கூட்ட வேண்டும். மேல்-கீழ் அடுக்கு செங்குத்துப் பார்வையைக் குறுக்கும், கீழே தெருவிலிருந்தும் வீட்டு மின்கருவிகளிலிருந்தும் எழும் இரைச்சல் குறையும். பக்கவாட்டு அடுக்கு இட-வலப் பார்வையைக் குறுக்கும், பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி குறையும். தொல்லை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பக்கவாட்டு அடுக்கில் எங்களுக்கு மிகவும் பிடித்த உபாயம் ஒன்று உண்டு. வேண்டாத கோபுரம் ஒன்று அதே அலைவரிசையில், வேண்டிய கோபுரத்திலிருந்து 30 பாகை விலகி நின்று தொல்லை தருகிறது என்று வையுங்கள். இரண்டு ஆண்டெனாவுக்கும் இடையே சரியாக ஓர் அலைநீளம் விட்டால், அந்த வேண்டாத அலை ஒரு ஆண்டெனாவைத் தொட்டு மற்றதை அடைய அரை அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டியிருக்கும். ஸ்பிளிட்டரில் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நேரே வரும் சிக்னலுக்கு ஒரு சேதமும் இல்லை. வேறு கோணம் என்றால் அலைநீளத்தைக் கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்து இடைவெளியைக் கண்டுபிடிக்கலாம். எவ்வளவு பெரிய பூஸ்டராலும் செய்ய முடியாத வேலை இது.

இனி, பலரும் தவறவிடும் ஒரு சின்ன விஷயம். பல ஆண்டெனாக்களில் கம்பிகள் சேரும் நடுப்பகுதியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பி இருக்கும். அதற்குள் இருப்பதுதான் பாலன், 300 ஓமை 75 ஓமாக மாற்றும் சிறிய மின்மாற்றி. அதன் இரண்டு முனைகளும் இடது கம்பியிலும் வலது கம்பியிலும் திருகப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டெனாவில் ஒன்றில் மட்டும் இந்த முனைகள் இடம் மாறியிருந்தால், கேபிள் நீளம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தாலும் சிக்னல்கள் எதிரெதிராக மோதும். டப்பி மூடப்பட்ட வகை ஆண்டெனாவில் இதே தவறு வேறு உருவில் வரும்: ஒன்றை டப்பி மேலே இருக்கும்படியும் மற்றொன்றைக் கீழே இருக்கும்படியும் பொருத்திவிடுவார்கள். ஆண்டெனாவைத் தலைகீழாகப் புரட்டினால் இடது வலதாகிவிடும் அல்லவா, அதுவும் முனையை மாற்றியதற்குச் சமம். சரிபார்க்க வழி எளிது. ஒரு ஆண்டெனாவின் முனைகளை மட்டும் வேண்டுமென்றே மாற்றித் திருகிப் பாருங்கள். தரம் தடாலென்று விழுந்தால் முன்பு இருந்ததே சரி, பழையபடி மாட்டிவிடலாம். தரம் ஏறினால் இத்தனை நாளும் தவறாக இருந்திருக்கிறது.

சேர்ப்பதற்கு முன் இரண்டு ஆண்டெனாவையும் தனித்தனியாக, அதனதன் இடத்திலேயே வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மரக்கிளைகளுக்குப் பின்னாலும் தகரக் கூரை அருகிலும் இரண்டடி தள்ளினாலே சிக்னல் மாறும். ஒன்று மற்றதைவிடச் சுமார் 8 டெசிபலுக்கு மேல் நலிந்திருந்தால், அலைகள் கச்சிதமாகப் பொருந்தினாலும் சேர்ப்பதில் நட்டமே. நல்லதை மட்டும் தனியாக விட்டுவிடுவது மேல். இடைவெளி 2, 3 டெசிபலுக்குள் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

மூன்றாவது நிலைமைதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது: இரண்டு கோபுரங்கள், இரண்டு திசைகள், இரண்டுமே யு.எச்.எஃப். இதற்கு ஸ்பிளிட்டர் மருந்து அல்ல. இரண்டு சிக்னலும் தாராளமாக, விளிம்பிலிருந்து 6, 7 டெசிபல் மேலே இருந்தால் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. இல்லையென்றால் கேபிள்களைத் தனித்தனியாகக் கீழே கொண்டுவந்து டி.வி. அருகே, இரண்டில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் ஒரு ஏ/பி மாற்றுச் சுவிட்சில் சேர்ப்பதே எங்கள் சிபாரிசு. விலை குறைவு, இழப்பு மிகக் குறைவு, ஒன்றின் குறை மற்றதைத் தொடாது. சிரமம் சேனல் தேடும்போது வரும். முதல் ஆண்டெனாவில் முழுத் தேடல் செய்துவிட்டு, சுவிட்சை மாற்றி மறுபடியும் முழுத் தேடல் கொடுத்தால் பல டி.வி.க்கள் பழைய பட்டியலை அழித்துவிடும். இரண்டாவது முறை ‘புதிய சேனல் சேர்’ அல்லது கையால் எண் கொடுத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். சுவிட்ச் தட்டப் பிடிக்காதவர்கள், டி.வி.யில் உள்ள டியூனருக்கு ஒரு ஆண்டெனா, தனி செட்டாப் பெட்டிக்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது திசையிலிருந்து வேண்டியது ஒரே ஒரு சேனல் என்றால் வடிகட்டி முறையும் உண்டு. அந்தப் பக்க ஆண்டெனாவில் அந்தச் சேனலை மட்டும் விடும் வடிகட்டி, முதல் ஆண்டெனாவில் அதை மட்டும் தடுக்கும் வடிகட்டி, பிறகு இரண்டையும் சேர்ப்பது. அழகான ஏற்பாடு, ஆனால் வடிகட்டியின் விளிம்பு கத்தி வெட்டாக இருக்காது, வேண்டிய சேனலுக்கு ஒட்டிய சேனல்கள் அடிபடும். அக்கம்பக்கம் காலியாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

பூஸ்டர் எங்கே வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்: ஆண்டெனாவுக்கு அருகே, கம்பத்தில். ஆர்.ஜி.-6 கேபிள் 600 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபல் தின்னும். அந்த இழப்பு நேர்ந்த பிறகு டி.வி.க்குப் பின்னால் பெருக்கிப் பயனில்லை. ஒரே திசை அடுக்கில் ஸ்பிளிட்டருக்கு அடுத்தபடியாக ஒரே ஒரு பூஸ்டர் போதும். கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் பூஸ்டரே வேண்டாம். அதிக சிக்னலில் அது திணறி, நலிந்த சேனல்களை மூழ்கடித்துவிடும். பூஸ்டரைக் கழற்றியதும் ஒரு சேனல் திரும்பி வந்தால் நோய் இதுதான். கைப்பேசிக் கோபுரம் அருகில் இருந்தால் அதற்கான வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் மாட்டுங்கள், பின்னால் மாட்டிப் பலனில்லை.

கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகவே மேலே ஏறுகிறது. இடையில் ஸ்பிளிட்டர் இருந்தால் அது மின்சாரத்தை ஒரு வாயிலில் மட்டும் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். அந்த வாயில் பூஸ்டர் பக்கம் போக வேண்டும். எல்லா வாயிலிலும் கடத்தும் வகையை மாட்டினால், மறுபக்க ஆண்டெனாவின் பாலன் இந்த நேர்மின்சாரத்துக்கு (டி.சி.) வெறும் கம்பிதான். ஷார்ட் ஆகி மின்வழங்கியின் விளக்கு அணையும், அது சூடாகும். பூஸ்டர் செத்துவிட்டது என்று தூக்கி எறிவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேபிள் முனையில் எஃப் கனெக்டர் என்ற திருகு இணைப்பை மாட்டும்போது வெளிப் பின்னல் கம்பியில் ஒரு மயிரிழை நடுக் கம்பியைத் தொட்டாலும் சிக்னல் தரையிறங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டுங்கள். வெளியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் நுழையாது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளையுங்கள், நீர் அங்கே சொட்டிவிடும். ஸ்பிளிட்டரில் காலியாக உள்ள வாயிலை 75 ஓம் மூடியால் அடைக்க வேண்டும்.

ஆண்டெனாப் பெட்டிகளில் ‘200 கிலோமீட்டர் எட்டும்’ என்று அச்சிடுவது குறித்தும் சொல்லியாக வேண்டும். யு.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் உங்கள் ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் மீட்டரில் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் வருவது கிலோமீட்டரில் பார்வை எல்லை. 150 மீட்டர் கோபுரம், 9 மீட்டர் கம்பம் என்றால் சுமார் 63 கி.மீ. அதற்கு அப்பால் கிடைப்பது வளைந்தும் சிதறியும் வரும் நலிந்த அலை, வானிலைக்குத் தக்க மாறும். பெட்டியில் கிலோமீட்டர் போடுவதை விட்டுவிட்டு, எத்தனை டெசிபல் ஈட்டம் (கெய்ன்), எந்த அலைவரிசை வரை, பூஸ்டரின் இரைச்சல் எண் (பூஸ்டர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) எவ்வளவு என்று அச்சிடுவது கட்டாயமானால் வாங்குபவர் ஏமாற மாட்டார். இதைத் தயாரிப்பாளர்களிடம் வலியுறுத்த தங்கள் நாளிதழ் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது ஆண்டெனா ஏறும்போது கம்பத்தில் காற்றின் இழுப்பும் ஏறக்குறைய இரு மடங்காகும். பழைய கம்பத்தின் பிடிமானங்களை மாற்றி, இழுகம்பி கட்டிய பிறகே ஏற்றுங்கள். கம்பத்தையும் கேபிளின் வெளிப் பின்னலையும் வீட்டின் எர்த்துடன் இணைக்க வேண்டும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நடுங்கள். அப்படியொரு இடம் மாடியில் இல்லையென்றால் அந்த மாடியில் கம்பம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆண்டெனா பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள்